முன்னுக்குப் போனவர்

சாந்தா ஃபேக்குப் போகவேண்டும் என்று என் மனைவி முதன்முதலாகச் சொன்னபோது, அது மார்க்கம் ரோட்டில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடை என்றுதான் நினைத்தேன். “ஞாயிற்றுக்கிழமை போவம்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது அமெரிக்காவின் தென்மேற்கில், பாலைநிலமும் மலையும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் நானூறு வருசத்துப் பழைய ஊராம். கட்டடம் எல்லாம் மண்நிறமாம். ஊர் நிறைய ஓவியர்களும் சிற்பிகளுமாம். எனக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்? நான் முப்பது வருசம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன். அவள் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கைச் சுத்தம் செய்தவள். அந்தக் கிளினிக்கின் சுவரில் இந்த ஊரின் படம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததாம்.

“பதினொரு வருசம் துடைச்ச ஊர். ஒருக்கால் போய்ப் பாக்க வேண்டாமோ?” என்றாள்.

மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் அவள் அந்த ஊரைத் திரும்பக் கண்டுபிடித்தாள். எங்களுக்கு ஒரே மகள், கணவனோடு பக்கத்தில் ரூஜில் இருக்கிறாள். வரைபடத்தில் ஒரு தெருவை விரலால் தொட்டால் அந்தத் தெருவே படமாக விரியும், அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டே போகலாம் என்று அவள்தான் தாய்க்குப் பழக்கினாள். அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனைவி பல்கனிக் கதவடிக் கதிரையில் இருந்து அந்த ஊரில் நடக்கத் தொடங்கிவிடுவாள். இங்கே அஜின்கோர்ட்டில் எங்கள் ஒன்பதாம் மாடியில் நான் தேத்தண்ணிக்குக் காத்திருப்பேன். கூப்பிட்டால், “பொறுங்கோ, உந்த முடக்கைத் திரும்பிப்போட்டு வாறன்” என்பாள்.

பகிடிபோல இருக்கிறது அல்லவா? ஆனால் அதே மாதங்களில்தான் அவளுக்கு எங்கள் தெருக்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. பால் வாங்கப் போனவள் மூன்று மணி நேரமாக வரவில்லை. இரண்டு தரிப்புத் தள்ளி ஒரு பஸ் தரிப்பில், பால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பதினெட்டு வருசமாக நாங்கள் இருக்கிற கட்டடம் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். “எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை” என்றாள், ஏதோ நான்தான் கட்டடத்தை இடம் மாற்றி வைத்தவன்போல.

மூளைப் படம் எடுத்து, சோதனைகள் எல்லாம் செய்து, கடைசியில் எங்கள் குடும்ப டொக்டர் கூப்பிட்டார். மனைவி அடுத்த அறையில் நேர்சிடம் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எனக்கு அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னார். இனிக் கூடுமே தவிரக் குறையாது என்றார். “நானே ஆறுதலாய்ச் சொல்லுறன், நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்” என்று அவரிடம் கெஞ்சினேன். ஏழு மாதமாகியும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. வயதுபோனால் வருகிற மறதி என்று சொல்லிச் சமாளித்தேன். பயம்தான். வேறென்ன? சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற கோழைப் பயம்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, ஓடியாங்கோ. உதிலை நான் இருக்கிறன்.”

டேப்லெட்டில் ஒரு ஒடுங்கிய தெரு. தெருவோரமாக வாய்க்கால். மண்சுவரில் நீலநிறக் கதவு, பக்கத்தில் ஒரு மர வாங்கு. வாங்கில் பச்சைச் சால்வை போர்த்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு முகம் இல்லை. ஈரத்துணியால் துடைத்ததுபோல் முகம் இருக்கவேண்டிய இடம் கலங்கிக் கிடந்தது. படத்தில் அகப்படுகிறவர்களை அடையாளம் தெரியாமலிருக்க முகத்தை இப்படித்தான் மங்கலாக்குவார்கள் என்று மகள் பிறகு விளக்கினாள். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது.

“விசர்க் கதை கதையாதையும்” என்றேன். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ‘விசர்’, பைத்தியம் என்பது நாற்பது வருசமாக எங்கள் வீட்டில் உப்புமாதிரிப் புழங்கிய சொல். டொக்டரைப் பார்த்து வந்த நாளிலிருந்து அதை விழுங்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

“சால்வையைப் பாருங்கோ. இருக்கிற இருப்பைப் பாருங்கோ. நான்தானே?”

பார்த்தேன். இடுப்புநோவுக்கு என் மனைவி வலது கையைப் பின்னால் முட்டுக்கொடுத்து, ஒருபக்கம் சரிந்துதான் இருப்பாள். படத்தில் இருந்தவளும் அப்படியே இருந்தாள். சால்வையும் எங்கள் அலுமாரியில் இருக்கிற அதே கடும்பச்சை. உலகத்தில் எத்தனை பச்சைச் சால்வை, எத்தனை இடுப்புநோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கதிரைப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.

மகள் பயணத்துக்குச் சம்மதிக்கவேயில்லை. “அப்பா, சீரியஸ்லி? அம்மா மோலுக்குள்ளையே தொலைஞ்சு போறா. திஸ் இஸ் நொட் சேஃப்” என்று ஃபோனில் கத்தினாள். நானும் திருப்பிக் கத்தினேன். கத்துவதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. இப்போது போகாவிட்டால் பிறகு போகவே முடியாது என்ற காரணத்தை அவளிடம் சொல்ல முடியாமல், “என்ரை மனுசியை எனக்குப் பாக்கத் தெரியும்” என்று ஃபோனை வைத்தேன்.

விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரி, எங்கே போகிறீர்கள் என்று மனைவியிடம் கேட்டார். அவள் யோசிக்காமல், “ஹோம்” என்றாள். நான் முப்பத்திரண்டு பல்லையும் காட்டி, அவ பகிடி விடுறவ என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குழைந்தேன். அதிகாரி சிரித்து முத்திரை குத்தினார். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசி மாதம். அந்த ஊர் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, வெயில் ஊசிமாதிரி. இரண்டு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. ஹொட்டேலுக்கு வெளியே வந்ததும் மனைவி என் கையை விட்டுவிட்டு, “சதுக்கம் உந்தப் பக்கம்” என்று நடந்தாள். சதுக்கம் அந்தப் பக்கம்தான் இருந்தது. பழைய ஆளுநர் மாளிகையின் நீண்ட தாழ்வாரத்தில் ஆதிக்குடிச் சனங்கள் போர்வை விரித்து, வெள்ளியும் நீலக்கல்லும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தாள், தினமும் காண்கிற ஆளுக்கு அசைப்பதுபோல. இவளும் அசைத்தாள்.

நடுத்தூணே இல்லாமல் சுழன்று ஏறும் மரப்படி ஒன்று ஒரு பழைய சிற்றாலயத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நாங்கள் போன வழியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி, வழி தெரியாமல், ஊரில் அத்தனை பேர் நிற்க என் மனைவியைப் பிடித்து வழி கேட்டது. அவள் தன் ஸ்காபரோ ஆங்கிலத்தில், நேரே போய், மரத்தடியில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்றாள். பின்னால் போய்ப் பார்த்தால், மரம் இருந்தது, இடப்பக்கம் இருந்தது, வலப்பக்கமும் இருந்தது. தன் வீட்டை மறந்தவளுக்கு இந்த ஊர் மனப்பாடம். எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே குடிவந்துகொண்டிருக்கிறாள், அஜின்கோர்ட்டில் குறைவதெல்லாம் இங்கே கூடுகிறது என்று ஒரு எண்ணம் வந்தது.

சாப்பாட்டுக் கடையில், மிளகாய் சிவப்போ பச்சையோ என்று கேட்டார்கள். அந்த ஊரில் அதுதான் முதல் கேள்வி. இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, உறைப்புத்தான், ஆனால் எங்கள் தூளுக்குக் கிட்டவும் வராது. நான் அப்படிச் சொன்னதும் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் என்னோடு, எனக்காகச் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அடுத்தநாள் காலை கனியன் ரோட்டுக்குப் போனோம். ஒரு மைல் நீளத் தெரு, இரண்டு பக்கமும் பழைய மண்வீடுகள், வீட்டுக்கு வீடு ஓவியக்கூடம். முற்றங்களில் ஆளுயர வெண்கலச் சிலைகளை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். புத்தகம் வாசிக்கும் கிழவன், கூடை சுமக்கும் பெண், நாயோடு நிற்கும் ஒருத்தி. வழிவிடச்சொல்லி ஒரு வெண்கல மனிதனிடம் நான் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று வேறு கேட்டுவிட்டேன். வாசல்களில் செத்தல் மிளகாய்ச் சரங்கள் தொங்கின. இரண்டுக்கு ஒரு கதவு நீலம். கெட்ட ஆவி உள்ளே வராமலிருக்க நீலம் அடிப்பார்கள் என்று ஹொட்டேல்காரன் சொல்லியிருந்தான்.

மேட்டில் ஏறும்போது மனைவி பின்தங்கினாள். “நான் மெள்ள முன்னுக்குப் போறன், நீர் வாரும்” என்றேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: “அப்ப நான் வாறன்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

பின்னால் சரளைக்கல்லில் காலடி கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் வேறு ஆட்கள் இல்லை. முகம் பார்க்காமல் கதைப்பது சுலபம் என்பதாலோ, மூச்சு முட்டிய மயக்கத்தாலோ, நான் நடந்தபடியே அதைச் சொல்லத் தொடங்கினேன்.

“உம்மோடை ஒரு கதை கதைக்கவேணும்” என்றேன். “ம்” என்று கேட்டது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வருத்தத்தின் பெயரைச் சொன்னேன். ஏழு மாதமாக மறைத்ததைச் சொன்னேன். “எனக்குப் பயமாக் கிடக்கு. நீர் என்னை மறந்துபோட்டால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?” என்று கேட்டேன். பின்னால் காலடி நின்றது. மறுபடி “ம்” என்றது, மெதுவாக, மிகக் கிட்ட, கழுத்துக்குப் பின்னால் என்று சொல்லக்கூடிய கிட்டத்தில்.

திரும்பினேன். கூடை சுமக்கும் வெண்கலப் பெண் ஒருத்தி முற்றத்து விளிம்பில் நின்றாள். கீழே போகும் தெரு முழுக்க வெறுமை. என் மனைவியைக் காணவில்லை.

யார் ‘ம்’ சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உயரமான இடத்தில் காது அடைக்கும் என்றார்கள். அடைத்த காதில் காலடி கேட்குமோ, எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது வேறு. எங்கள் பேச்சில் ‘வாறன்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கூப்பிட்டால் பின்னால் வருகிறவரும் ‘வாறன்’ என்பார். விடைபெற்று வெளியே போகிறவரும் ‘போறன்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘வாறன்’ என்றே சொல்வார். பின்னால் வருகிறவள் ‘ஓம், வாறன்’ என்பாள். ‘அப்ப நான் வாறன்’ என்று ‘அப்ப’ போட்டுச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் என்னிடம் விடைபெற்றிருக்கிறாள். நாற்பது வருசம் அந்த மனுசியின் வாயைப் பார்த்து வாழ்ந்த நான், அந்த ஒரு ‘அப்ப’வைக் கோட்டைவிட்டேன்.

ஓடினேன். ஓவியக்கூடம் ஓவியக்கூடமாக எட்டிப் பார்த்து, பச்சைச் சால்வை, பச்சைச் சால்வை என்று எல்லாரிடமும் கேட்டேன். அவளுடைய ஃபோன் ஹொட்டேல் மேசையில் கிடந்தது. பிறகு அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்கால் ஓடும் தெரு எங்கே என்று ஒரு தபால்காரியிடம் கேட்டேன். அடுத்த தெருதான் என்றாள்.

ஒடுங்கிய தெரு. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மஞ்சள் இலைகள் கிடந்தன. நீலக் கதவு. மர வாங்கு. சால்வையைத் தலைக்கு மேலால் போர்த்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் முட்டுக்கொடுத்து ஒருத்தி இருந்தாள். உச்சி வெயிலில் சால்வைக்குள் ஒரே இருட்டு. முகம் தெரியவில்லை. கிட்டப் போகப் பயந்தேன், சத்தியமாக. அந்தச் சால்வைக்குள் அந்தக் கலங்கிய வெறுமைதான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். பெரும் பாடுபட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் திரும்பினாள். என் மனைவியின் முகம்தான். நன்றாக வியர்த்திருந்தது.

“இருங்கோ அண்ணை” என்றாள், கொஞ்சம் விலகி இடம்விட்டு. “வெயில் கடுமை என்ன?”

அண்ணை. தெருவில் காண்கிற, நல்ல மனிதராகத் தெரிகிற, யாரோ ஒருவர்.

“இவர் வருவார். முன்னுக்குப் போயிட்டார். எப்பவும் உப்பிடித்தான், மனுசனுக்கு அவசரம்” என்றாள். அவள் சொன்ன ‘இவர்’ நான். பிறகு, ஊர்ப்புதினம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குத் தலையிலை வருத்தம், அண்ணை. டொக்டர் இவரிட்டைச் சொன்னவர். நேர்ஸ் கதவைச் சாத்தேல்லை, எனக்கு எல்லாம் கேட்டது. பாவம், அந்தாள் எனக்கு மறைச்சுக்கொண்டு திரியுது. இரவிலை நித்திரையும் இல்லை. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் உடைஞ்சுபோயிடும். நீங்கள் கண்டால் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்லமாட்டன்” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் நிம்மதியாகத் தெருவைப் பார்க்கத் தொடங்கினாள். நான் எழும்பி, முடக்கைத் திரும்பி, யாருடையதோ மண்சுவரில் நெற்றியை வைத்து அழுதேன். எழுபத்தொரு வயசு மனுசன், கேட்க ஆளில்லாத தெருவில், விக்கி விக்கி அழுதேன். ஏழு மாதமாக நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அல்லவா என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே தெருவில் திரும்பி வந்து, என் வழக்கமான எரிச்சல் குரலில், “இஞ்சாரும், உதிலை என்ன செய்யிறீர்?” என்று கேட்டேன்.

“நல்ல வேளை வந்தியள்” என்றாள், என்னை எனக்கே உரிய பார்வையால் பார்த்து. “எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? ஒரு அண்ணை வந்து துணைக்கு இருந்திட்டுப் போறார். நல்ல மனுசன்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“சும்மா. வெயிலைப் பற்றி.”

ரொறன்ரோவுக்குத் திரும்பி ஒரு வருசமாகிவிட்டது. மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனைவிக்கு மட்டும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும் என்று சொல்லவில்லை. கொடுத்த சத்தியம் அப்படி. இப்போது அவள் டேப்லெட்டைத் தொடுவதில்லை. வீட்டில் என்னை அண்ணை என்று கூப்பிடுகிற நேரம் கூடிவிட்டது. “இவரை இன்னும் காணேல்லை அண்ணை” என்று யன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான்தான் இவர் என்று சொன்னால் பயந்து ஒடுங்கிப்போகிறாள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போவேன். கொரிடோரில் ஐந்து நிமிசம் நின்றுவிட்டு, கதவைத் தட்டுவேன். திறந்து, “வந்திட்டியளே?” என்று முகம் மலருவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை இப்படி வேலை முடிந்து வந்திருக்கிறேன். மகளும் அதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

போன கிழமை, மழைநாள், பகல் பதினொரு மணி இருக்கும். வழக்கம்போல வெளியே போய் நின்றுவிட்டுத் தட்டினேன். வரச் சுணங்கினாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு. நான் அதைக் கண்டு எவ்வளவு காலம்.

“அண்ணை, இவர் வந்திட்டார்” என்றாள், சத்தம் குறைத்து. “களைச்சுப்போய் வந்தவர், உள்ளுக்கை படுத்திருக்கிறார். நீங்கள் இனி அலையவேண்டாம்.”

கதவைச் சாத்தினாள். அவள் உள்ளே நடந்துபோவது கேட்டது. சாப்பிட்டியளோ என்று யாரையோ கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, பதில் கேட்டவள்போல, சிரித்தாள்.

வீட்டுத் திறப்பு என் கையில் இருந்தது. நான் அதைப் பூட்டில் போடவில்லை.